முதலாளிக்கும் சிவப்பு விளக்கு

எங்கள் தொழிற்சாலை வாசலில் ஸைமி கோர்பெலாவை நிறுத்துவது என்று முடிவானபோது ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் எப்போதாவது அவளுடைய பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். அவர்கள் சிரிக்கவில்லை.

ஸைமியும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. இருபத்திரண்டு வருஷம் அவள் எங்கள் ஊருக்கும் காயானி நகரத்துக்கும் இடையே பஸ் ஓட்டினாள். புறப்படும் நேரத்துக்குக் கதவு மூடும். மூடிவிட்டால் அடுத்த நிறுத்தம் வரை திறக்காது. வெளியே மைனஸ் முப்பது டிகிரிக் குளிராக இருந்தாலும் அப்படித்தான். ஒருமுறை பாதிரியார் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியவர், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் பின்னாலேயே ஓடியிருக்கிறார். கண்ணாடியில் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஐம்பது நிமிஷம் கோயிலில் காத்திருந்தார்கள். பிறகு யாரோ கேட்டதற்கு, நேர அட்டவணை நிறுத்தத்தில் ஒட்டித்தான் இருக்கிறது, பாதிரியாருக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டாள். ஐம்பத்து நான்காவது வயதில் கண் பார்வை கொஞ்சம் குறைந்ததால் பெரிய வண்டி உரிமம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தாள்.

நாங்கள் நாற்பத்திரண்டு பேர். பால் கறக்கும் இயந்திரங்களுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுகளைச் செய்கிறோம். டென்மார்க்கில் மாடு தானாகவே நடந்து வந்து இயந்திரத்துக்குள் நிற்கும், அது கறந்துவிட்டு அனுப்பும். எப்போது கறப்பது, எப்போது கதவைத் திறப்பது என்று முடிவு செய்வது எங்கள் போர்டு. கோடையில் நாங்கள் செய்த போர்டுகள் பத்து வருஷம் ஓடும். குளிர்காலத்தில் செய்தவைதான் தொல்லை. சில என் பரிசோதனை மேசையிலேயே செத்துக் கிடக்கும். அதைவிட மோசம், என் மேசையில் நன்றாகத் தேறிவிட்டு மூன்று வாரம் கழித்து மாட்டுக் கொட்டகையில் புத்தி பேதலித்துப் போவது. ஒரு பண்ணையில் இயந்திரம் ஒரு மாட்டை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு மணி நேரம் வெளியே விடவில்லை. பின்னால் வரிசையில் நூற்று நாற்பது மாடுகள். அந்தப் பண்ணைக்காரர் மாடுகள் கத்துவதைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். இயந்திரம் செய்யும் கம்பெனி அதை எங்களுக்கு அனுப்பி வைத்தது. எங்கள் முதலாளி தோர்ஸ்தி ஹாபனியெமி அதைக் காபி அறையில் போட்டுக் காட்டினார். பதினோரு நிமிஷம் ஓடியது. நாங்கள் காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி கடைசி வரை கேட்டோம்.

டிசம்பர் தொடக்கத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து பிரேபென் என்ற ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு தோல் பை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள் கதவின் கைப்பிடியைத் தொட்டார். சுளீர் என்று அடித்தது. கையை உதறிவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் வரியாக அதை எழுதிக்கொண்டார்.

அவர் சொன்னது இதுதான். எங்கள் ஊர்க் குளிர்காலக் காற்றில் ஈரம் என்பதே கிடையாது. மனிதன் நடக்க நடக்க உடம்பில் நிலைமின்சாரம் ஏறிக்கொண்டே போகும். சுருக்கென்று நமக்குத் தெரிவதற்கே அது மூவாயிரம் வோல்ட் ஆகியிருக்க வேண்டும். போர்டில் இருக்கும் சின்னச் சில்லு நூறு வோல்ட்டிலேயே போய்விடும். ஆகவே நாங்கள் ஒரு போர்டைக் கொன்றுவிட்டு, கொன்றது தெரியாமலே அடுத்ததை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு வைத்தியம் வாசலிலேயே நடக்க வேண்டும். உடம்பில் ஏறும் மின்சாரம் செருப்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் யாரையும் உள்ளே விட வேண்டும். மார்ச் முடிவதற்குள் சரியாகவில்லை என்றால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். மிரட்டவில்லை. நாளைக்குப் பனி விழும் என்பதைப் போலச் சொன்னார்.

ஜனவரி முடிவில் வாசலில் சுழலும் இரும்புக் கதவு வந்தது. முன்னால் ஒரு உலோகத் தட்டு. அதில் ஏறி நின்று சுவரில் இருக்கும் பொத்தானை விரலால் அழுத்த வேண்டும். விரலிலிருந்து உடம்பு வழியாகச் செருப்புக்கு, செருப்பிலிருந்து தட்டுக்கு வழி சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரிந்து கதவு சுழலும். இல்லையென்றால் சிவப்பு. எல்லோருக்கும் தனிச் செருப்பு, முழங்கால் வரை சாம்பல் நிற மேலங்கி. பக்கத்தில் ஒரு உயரமான முக்காலி, அதில் ஸைமி.

முதல் வாரம் பெரிய கூத்து. சாலிடர் வைக்கும் வெய்யோவுக்குப் பச்சையே எரியவில்லை. அறுபது வயது, தினமும் சௌனா என்ற நீராவிக் குளியலறையில் வெந்து வெந்து தோல் மரப்பட்டை மாதிரி ஆகிவிட்ட மனிதர். காய்ந்த விரலில் மின்சாரம் ஓடாது. நான்கு தடவை அழுத்தினார், நான்கும் சிவப்பு. ஐந்தாவது தடவை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து விரலை வாயில் வைத்தார்.

“நக்காத வெய்யோ,” என்றாள் ஸைமி. “உனக்குப் பின்னால பதினெட்டுப் பேர் அதே பொத்தானத் தொடணும்.”

மேசையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினாள். இதற்கென்றே செய்த, எண்ணெய் இல்லாத கைக் களிம்பு. வெய்யோ அதைப் பார்த்த பார்வையில் அவர் வம்சமே அவமானப்பட்டது போல இருந்தது. தன் அப்பா, தாத்தா யாரும் களிம்பு பூசியதில்லை, தானும் பூசப் போவதில்லை என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றார். நாற்பது நிமிஷம் நின்றார். ஸைமி சமாதானம் சொல்லவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பஸ்ஸில் அவள் யாரையும் அவசரப்படுத்தியதில்லை, விட்டுவிட்டுப் போவாள், அவ்வளவுதான். கடைசியில் அவரே வந்து கையை நீட்டினார். பச்சை எரிந்தது. இரண்டு வாரம் கழித்து மருந்துக் கடையில் அவர் தனக்கென்று ஒரு புட்டி வாங்குவதை என் மனைவி பார்த்தாள். மனைவிக்கு வாங்குகிறேன் என்றாராம். அவருக்கு மனைவி கிடையாது.

அடுத்தது மர்யுக்கா. தானே பின்னிய கம்பளிக் காலுறையை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு வந்தாள். சிவப்பு. ஒரு ஜோடியைக் கழற்றச் சொன்னபோது, கழற்றினால் தன் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். எந்த டாக்டர் என்று ஸைமி கேட்டாள். மர்யுக்கா கொஞ்சம் யோசித்து, இறந்துபோன ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னாள். முடிவில், காலுறைக்குள் செருகிக் குதிகாலைச் சுற்றிக் கட்டும் ஒரு கறுப்பு நாடா வரவழைத்தோம். அது போட்டால் இரண்டு ஜோடி கம்பளியோடும் பச்சை எரிந்தது. மர்யுக்கா வெற்றி பெற்ற முகத்தோடு உள்ளே போனாள்.

பிப்ரவரி நடுவில் நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம். காலையில் வரிசையாக வந்து, களிம்பு பூசி, தட்டில் ஏறி, பச்சை வாங்கி உள்ளே போவோம். ஊரில் தொழிற்சாலைக்காரன் கை மட்டும் பட்டு மாதிரி இருக்கிறது என்று பேச்சு வந்தது. பரிசோதனை மேசையில் செத்த போர்டுகள் பாதியாகக் குறைந்தன.

பாதிதான். அதற்குக் கீழே இறங்கவில்லை.

ஸைமிக்கு அது பிடிக்கவில்லை. தன் வாசலைத் தாண்டி எதுவும் போகவில்லை என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். அப்படியானால் செத்த போர்டுகள் எங்கிருந்து வருகின்றன? ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து பதிவேட்டைக் கேட்டாள். எந்தப் போர்டு எத்தனை மணிக்கு எந்த மேசையிலிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்கும். வீட்டுக்கு எடுத்துப் போனாள். அடுத்த நாள் ஒரு தாளில் பஸ் நேர அட்டவணை மாதிரியே கோடு போட்டுக் கொண்டுவந்தாள். செத்தவற்றில் கிட்டத்தட்ட எல்லாம் ஒன்பது மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையே, படிக்கட்டுப் பக்கம் இருக்கும் மேசைகளிலிருந்து வந்தவை.

“ஒன்பது மணிக்கு அங்க என்ன நடக்குது, யால்மரி?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். படிக்கட்டுப் பக்க மேசைகளில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இயந்திரம் சூடாகும் நேரமாக இருக்கலாம் என்று சொன்னேன். ஸைமி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தினமும் ஒன்பது மணிக்கு நடந்தது இதுதான். மாடியில் இருக்கும் தன் அறையிலிருந்து தோர்ஸ்தி கீழே இறங்கி வருவார். மாடிக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு. அங்கே இரும்புக் கதவு இல்லை. நைலான் கம்பளம் விரித்த நீண்ட நடைவழியில் காலைத் தேய்த்தபடி நடந்து, படி இறங்கி, கண்ணாடிக் கதவைத் தள்ளி நேராக வேலைக்கூடத்துக்குள் வந்துவிடுவார். ஒவ்வொருவர் தோளிலும் தட்டுவார். வெய்யோவிடம் மீன் பிடித்ததைப் பற்றிக் கேட்பார், மர்யுக்காவிடம் பேரக் குழந்தை பற்றி. பிறகு முடித்து வைத்த போர்டு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்பார். வாரத்தில் ஐந்து நாளும் இதே சுற்று. வெள்ளிக்கிழமை ஏலக்காய் பன் வேறு கொண்டுவருவார்.

முன்பிருந்த பெரிய கம்பெனி கட்டடத்தைப் பூட்டிவிட்டுப் போனபோது, ஊரில் ஒருவரும் முன்வராத நேரத்தில் முன்வந்து இதை எடுத்து நடத்தியவர் அவர். எங்களில் பலர் இந்நேரம் தெற்கே போய் யாருடைய வீட்டு மாடியிலோ வாடகைக்கு இருந்திருப்போம். அவரிடம் யார் போய், நீ தொட்டால் போர்டு சாகிறது என்று சொல்வது?

அதற்கு மேலே இன்னொன்று. அவர் குளிர்காலம் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிந்த பஞ்சு மாதிரி மெத்தென்ற சிவப்புச் சட்டை, பிளாஸ்டிக் இழையில் நெய்த தடிமனான அந்தச் சட்டை, அவருடைய அறுபதாவது பிறந்த நாளுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. முதுகில் எங்கள் நாற்பத்தொரு பேரின் கையெழுத்தும் தையலில் இருந்தது. அவர் பக்கத்தில் நின்றாலே என் கையில் இருக்கும் ரோமம் எழுந்து நிற்கும்.

ஸைமி எங்களோடு சேர்ந்து அந்தச் சட்டைக்குக் கையெழுத்துப் போட்டவள் இல்லை. ஒரு திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, நிலைமின்சாரம் அளக்க பிரேபென் விட்டுவிட்டுப் போன கை மீட்டரை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தோர்ஸ்தி கதவைத் தள்ளி வந்ததும் அவர் மார்புக்கு நேராக நீட்டினாள். எண் ஏறியது, ஏறியது, இருபதாயிரத்தைத் தாண்டியதும் மீட்டருக்கு மேலே எண்ண முடியாமல் வெறும் கோடு காட்டியது.

தோர்ஸ்தி அதைப் பார்த்துச் சிரித்தார். தன்னை ஒரு மின்சார மனிதன் என்று மனைவி எப்போதும் சொல்வாள் என்றார். ஸைமி சிரிக்காமல் தன் அட்டவணைத் தாளைக் காட்டினாள். அவர் படித்தார், தலையாட்டினார், ரொம்ப நல்ல வேலை என்று அவள் தோளில் தட்டினார். சுளீர் என்று இருவருக்கும் அடித்தது. இனிமேல் கவனமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு மறுபடி வந்தார். கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்திருக்கிறேன் என்று இரண்டு கைகளையும் ஸைமிக்குத் தூரத்திலிருந்தே காட்டினார். நகத்தைக்கூடத் தேய்த்துக் கழுவியிருந்தார். பிறகு வழக்கம்போல ஒரு போர்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அந்தப் போர்டு அரை மணி நேரத்தில் என் மேசைக்கு வந்தது. செத்திருந்தது.

புதன்கிழமை காலையில் ஸைமி கட்டடக் காவலரை வைத்துப் படிக்கட்டுக் கதவின் பூட்டை மாற்றிவிட்டாள். தீ விபத்து என்றால் வேலைக்கூடத்திலிருந்து வெளியே ஓடலாம். படிக்கட்டிலிருந்து உள்ளே வர முடியாது.

ஒன்பது மணிக்குக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புச் சட்டை தெரிந்தது. கதவைத் தள்ளினார். இழுத்தார். எங்களைப் பார்த்துக் கை காட்டினார். கதவுக்கு மிக அருகில் இருந்தவள் மர்யுக்கா, ஒரு திருகாணியைக் கீழே போட்டுவிட்டு வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள். வெய்யோ குனிந்த தலை நிமிரவில்லை. நானும்தான். கொஞ்ச நேரத்தில் அவர் மாடியேறிப் போனார். மாடி வாசல் வழியாக இறங்கி, மைனஸ் பத்தொன்பதில், தொப்பிகூட இல்லாமல், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். புருவத்தில் பனி பூத்திருந்தது.

தட்டில் ஏறிப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு. மறுபடி அழுத்தினார். சிவப்பு.

“திற, ஸைமி,” என்றார், சிரித்த முகத்தோடுதான்.

“உங்க செருப்பு சரியில்ல. சட்டையும் சரியில்ல,” என்றாள் ஸைமி. “நீங்க உள்ள வர முடியாது.”

எங்கள் ஊரில் முதலாளியையும் பேர் சொல்லி, நீ என்றுதான் பேசுவோம். நீங்கள் என்று சொன்னால் நடுவில் ஒரு வேலி போட்டாகிவிட்டது என்று அர்த்தம். அந்த வார்த்தை வாசலிலிருந்து கூடம் முழுக்கக் கேட்டது.

தோர்ஸ்தியின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. “இந்தக் கட்டடத்த எடுத்து நடத்துறவன் நான்.”

“பஸ் கம்பெனி முதலாளியும் என் வண்டியில டிக்கெட் எடுத்தாரு.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் தட்டின் மேலேயே நின்றார். பிறகு இறங்கி, வந்த வழியே பனியில் திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை அவர் கீழே வரவில்லை. வெள்ளிக்கிழமை ஏலக்காய் பன் மட்டும் ஒரு பெட்டியில் முன்வாசல் மேசையில் இருந்தது, ஆள் இல்லை. நாங்கள் ஆளுக்கொன்று எடுத்துத் தின்றோம். நல்ல பன்தான். அவர் ஸைமியை வேலையிலிருந்து எடுத்துவிடுவார் என்றார் வெய்யோ. எடுக்க மாட்டார், அவமானத்தில் தொழிற்சாலையை விற்றுவிடுவார் என்றாள் மர்யுக்கா. ஸைமி பன் தின்று முடித்து, விரலைத் துடைத்து, பொத்தானையும் துடைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் மத்தியானம் அவள் எனக்குக் கொடுத்த காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருந்தது. அவளுக்கும் கவலைதான் என்று புரிந்துகொண்டு அதைக் குடித்தேன்.

திங்கட்கிழமை மாலை என் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தேன். புதனிலிருந்து நான்கு வேலை நாள். படிக்கட்டுப் பக்க மேசைகளிலிருந்து ஒரு போர்டுகூடச் சாகவில்லை. ஒன்றுகூட. தாளை எடுத்துக்கொண்டு ஸைமியிடம் போனேன். அவள் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இத மேல கொண்டுபோக வேண்டியது நான் இல்ல,” என்றாள்.

நான் முன்வாசல் வழியாக வெளியே போய், சுற்றிக்கொண்டு மாடியேறினேன். அந்த நைலான் கம்பளத்தில் நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன், கொக்கு மாதிரி. தோர்ஸ்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சிவப்புச் சட்டை நாற்காலியின் முதுகில் தொங்கியது. எங்கள் கையெழுத்துகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்னுடையது காலருக்குக் கீழே, கொஞ்சம் கோணலாக.

தாளை மேசையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

“உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருந்துச்சா?” என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

“எத்தன நாளா?”

“போன குளிர்காலத்துலேர்ந்து. நீ தொட்டுட்டு வெச்ச போர்ட நாங்க தனியா எடுத்து வெச்சிருவோம். சில நாள் எதுன்னு குழம்பிரும்.”

அவர் மூக்கைச் சொறிந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு வருஷமாக நாற்பது பேர் தன் முதுகுக்குப் பின்னால் போர்டுகளை ஒளித்து வைத்துக்கொண்டு, முன்னால் மீன் பிடித்த கதை சொல்லியிருக்கிறார்கள் என்பதை அவர் மெல்ல மெல்ல விழுங்குவது தெரிந்தது.

“நான் கீழ வர்றது உங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்,” என்றார்.

“பிடிக்கும். அதனாலதான் சொல்லல.”

“அவ ஒருத்திதான் சொன்னா.”

ஆமாம் என்றேன். அவர் எழுந்து சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார். மடிக்கும்போது பட்பட்டென்று பொறி பறந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

மறுநாள் செவ்வாய். காலை ஒன்பது மணிக்கு முன்வாசலில் தோர்ஸ்தி வந்து நின்றார், பருத்திச் சட்டையில். அவர் கால் அளவான நாற்பத்தெட்டுக்குச் செருப்பு எங்கள் கையிருப்பில் இல்லை. வரவழைக்கப் பத்து நாள் ஆகும். மேலங்கியில் மிகப் பெரியதைப் போட்டுப் பார்த்தார், மார்பில் பொத்தான் துளையை எட்டவில்லை. ஸைமி மர்யுக்காவின் நாடா மாதிரி இரண்டை எடுத்துக் கொடுத்தாள். குனிந்து இரண்டு குதிகாலிலும் கட்டினார். தட்டில் ஏறினார். சிவப்பு. களிம்பு பூசினார். சிவப்பு. நாடாவின் நுனி காலுறைக்கு உள்ளே தோலில் படவேண்டும், அவர் வெளியே விட்டிருந்தார். முக்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். வெறுங்காலோடு, கையில் காலுறையும் நாடாவுமாக, எது எங்கே போகிறது என்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்தபோது வெளிக் கதவு திறந்து பிரேபென் வந்தார்.

அடுத்த வாரம் வருவதாகத்தான் அவர் கடிதம் எழுதியிருந்தார். சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து நிற்பது அவர்கள் வழக்கம் என்பது பிறகு தெரிந்தது.

பிரேபென் தொழிற்சாலை முதலாளியின் வெறுங்காலைப் பார்த்தார். முதலாளி அவரைப் பார்த்து, காலுறை இருந்த கையாலேயே வணக்கம் சொன்னார். பிரேபென் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார், ஏதோ யோசித்து மறுபடி பைக்குள் வைத்துவிட்டார். கோட்டைக் கழற்றி மாட்டி, தன் பையிலிருந்த சொந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு தட்டில் ஏறி, நாள்தோறும் செய்பவர் மாதிரி அலட்சியமாகப் பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு.

அவராலேயே நம்ப முடியவில்லை. மறுபடி அழுத்தினார். சிவப்பு. கதவு சிக்கியிருக்கும் என்று கையால் தள்ளிப் பார்த்தார். உள்ளே நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம். நாற்பத்திரண்டு பேரின் பிழைப்பு அந்த ஒல்லி மனிதரின் விரல் நுனியில் இருந்தது, அந்த விரலோ சிவப்புக் காட்டிக்கொண்டிருந்தது.

ஸைமி முக்காலி இல்லாததால் நின்றுகொண்டிருந்தாள். கதவைத் திறக்கும் சாவி அவள் கழுத்தில் தொங்கியது. அதைத் தொடவில்லை.

“உள்ள வர முடியாது,” என்றாள்.

பிரேபென் தோர்ஸ்தியைப் பார்த்தார். தோர்ஸ்தி ஸைமியைப் பார்த்தார். அவர் என்ன சொல்ல வாயெடுத்தார் என்று எனக்குத் தெரியும், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஸைமி, அவர் நம்ம வாடிக்கையாளர், இந்த ஒரு தடவை. அவருடைய வாய் பாதி திறந்தது. பிறகு அவர் வெறுங்காலோடு எழுந்து, மேசையிலிருந்த களிம்புப் புட்டியை எடுத்து, பிரேபென் பக்கம் நீட்டினார்.

“இங்க எல்லாரும் பூசுறோம்,” என்றார். “நானும்தான். கொஞ்சம் பொறுத்து அழுத்துங்க, ஊறணும்.”

பிரேபென் பூசினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், குளத்தில் பனி உடைத்துக் குளிக்கப் போகிறவர்கள் மாதிரி. மூன்றாவது தடவை பச்சை எரிந்தது. உள்ளே மர்யுக்கா கை தட்டிவிட்டு, உடனே தட்டாதவள் மாதிரி ஒரு போர்டை எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் வரை அளந்தார். தரை, மேசை, மணிக்கட்டுப் பட்டை, தள்ளுவண்டிச் சக்கரம். என் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். காபி அறையில் எங்களோடு உட்கார்ந்து, இந்தக் குளிர்காலத்தில் பதினோரு தொழிற்சாலைகளுக்குப் போனதாகச் சொன்னார். எல்லா இடத்திலும் தன் பையில் ஒரு ஜோடி தேய்ந்துபோன செருப்பு எடுத்துப் போவார். அடிப்பாகம் வேலை செய்யாத செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு தட்டில் ஏறுவார். ஒன்பது இடத்தில் பக்கக் கதவைத் திறந்து, வாங்க வாங்க என்று அழைத்துப் போனார்களாம்.

“அப்ப இன்னிக்கும் அந்தச் செருப்பா?” என்று தோர்ஸ்தி கேட்டார். மூன்றாவது தடவை எப்படிப் பச்சை எரிந்தது என்று எங்களுக்கும் ஒரே குழப்பம்.

பிரேபென் காதுவரை சிவந்தார். இன்றைக்குத் தவறுதலாக நல்ல செருப்பைப் போட்டுவிட்டதாகவும், சிவப்பு எரிந்ததும் தானே திடுக்கிட்டுப் போனதாகவும் ஒப்புக்கொண்டார். தோல் காய்ந்து போயிருக்கிறது, வீட்டிலும் சொல்கிறார்கள் என்றார். வெய்யோ எழுந்து, மருந்துக் கடையில் எது நல்ல களிம்பு, இரவில் எவ்வளவு பூச வேண்டும், முழங்கைக்கு எது என்று கால் மணி நேரம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். மனைவிக்கு வாங்கிய பழக்கம் என்று சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. இன்னும் மூன்று வருஷத்துக்கு எங்களிடமே போர்டு வாங்குவார்கள். தோர்ஸ்தி அதைக் காபி அறையில் வாசித்தார். எங்களில் யாரும் குதிக்கவில்லை. மர்யுக்கா இன்னொரு கோப்பை காபி ஊற்றிக்கொண்டாள், அதுதான் கொண்டாட்டம். பிறகு தோர்ஸ்தி, இனிமேல் தன்னிடம் சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள் என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் வெய்யோ, பன்னில் ஏலக்காய் கொஞ்சம் அதிகம் என்றார். தோர்ஸ்தி அதைக் குறித்துக்கொண்டார்.

ஜூலையில் ஸைமி இரண்டு வாரம் விடுமுறை கேட்டாள். வாசலில் யார் இருப்பது என்று கேள்வி வந்தது. தோர்ஸ்தி தானே இருக்கிறேன் என்றார். நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். திங்கட்கிழமை ஏழு மணிக்கே புது மேலங்கியும் நாற்பத்தெட்டு அளவுச் செருப்புமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக வர வர, மீன், பேரக் குழந்தை, முதுகு வலி எல்லாம் விசாரித்தார். யார் தோளிலும் தட்டவில்லை. முன்பு ஒன்பது மணிக்கு அரை மணி நேரத்தில் ஓட்டமாகக் கேட்டதை இப்போது நிதானமாகக் கேட்டார். அவர் முகம் பத்து வயது இறங்கியிருந்தது.

கோடையில் காற்று ஈரம், கை வியர்வை, சிவப்பு எரிவதே அபூர்வம். எனக்கு அன்றைக்கு எரிந்தது. செருப்பின் அடியோ என் விரலோ காய்ந்துவிட்டது போல. பேருந்து தாமதம், பெட்டி நிறையப் போர்டு என் மேசையில் காத்திருக்கிறது, கொஞ்சம் திற என்று கேட்டேன்.

தோர்ஸ்தி கையைக் கட்டிக்கொண்டார். “யால்மரி, நீங்க ஓரமா நின்னா பின்னால வர்றவங்க போவாங்க,” என்றார்.

ஓரமாக நின்றேன். முப்பது பேர் என்னைத் தாண்டிப் பச்சை வாங்கிக்கொண்டு போனார்கள். வெய்யோ போகிறபோது தன் சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.